உள்ளிருந்து வைத்த கண்கள்

2024 அக்டோபரில் ஒரு வார நாளில் லீவு போட்டுவிட்டு ஜப்பானின் மலையூரான ஹக்கோனேவுக்குப் போனேன். யுமோட்டோவில் மலை ரயிலுக்கு மாற வேண்டும். அது கொஞ்ச தூரம் ஏறும், நிற்கும், பின்பக்கமாக நகரும், மறுபடி ஏறும். அரை மணிக்கு மேல் இப்படி முன்னும் பின்னுமாகப் போய் சோகோகு-நோ-மோரி நிலையத்தில் இறக்கிவிட்டது. பெயருக்குச் 'சிற்பக் காடு' என்று பொருள். 1969இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. புல்வெளியில் ஹென்றி மூரின் வெண்கலங்களைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே நிற்காமல் நேரே உள்ளே கூடத்துக்குப் போனேன். ஜப்பானிய மரச்சிற்பி கட்சுரா ஃபுனாகோஷியின் கண்காட்சி நவம்பர் 4ஆம் தேதியோடு முடியவிருந்தது. அதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, மார்ச் 29 அன்று, நுரையீரல் புற்றுநோயில் அவர் இறந்துவிட்டார். வயது 72.

அவருடைய சிற்பங்களைப் பல வருடமாகப் படங்களில் மட்டும் பார்த்து வந்தவன் நான். ஒரு நாவலின் அட்டையில் இருந்த முகம்தான் முதல் அறிமுகம். அந்தப் புத்தகத்தைக் கடையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன், வாங்கவில்லை. முகம் மட்டும் மனசில் தங்கிவிட்டது. அது புகைப்படமா, ஓவியமா, சிலையா என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

நேரில் பார்த்தபோது முதலில் தோன்றியது, இவை ஆள் உயரத்தில் நிற்கின்றன என்பதுதான். இடுப்புக்கு மேல் மட்டும் உடம்பு. அதற்குக் கீழே மெல்லிய இரும்புக் கால்கள் வைத்த தாங்கி. அதனால் முகம் சரியாக நம் முகத்துக்கு நேரே வருகிறது. சட்டை போட்டிருக்கிறார்கள், கோட் போட்டிருக்கிறார்கள். காலர், பொத்தான், தோள் மடிப்பு எல்லாமே மரம். முகத்துக்கு லேசான நிறம் பூசியிருக்கிறது. ஆனால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் கன்னத்தில் உளி போன தடங்கள் தெரிகின்றன. சில சிலைகளில் மரம் காய்ந்து விட்ட வெடிப்பு தோளிலிருந்து மார்பு வரை இறங்குகிறது. அதை அவர் அப்படியே விட்டிருக்கிறார்.

அப்புறம் கண்கள். அவை மரம் இல்லை, பளிங்குக் கல், மார்பிள். ஈரமாக இருப்பதுபோல மினுங்குகின்றன. நேர் எதிரே போய் நின்றேன், அந்தப் பார்வை என்மேல் படவில்லை. ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தேன், அப்போதும் இல்லை. வலப்பக்கம் வந்து பார்த்தேன். நமக்குப் பின்னால், ரொம்ப தூரத்தில் எதையோ பார்க்கிற கண்கள் அவை. இரண்டு விழிகளையும் அவர் ஒரு மயிரிழை வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பார். அதனால் இரண்டு பார்வையும் எந்த இடத்திலும் ஒன்றுசேராது. எதிரே நிற்பவர் எவ்வளவு முயன்றாலும் அந்தக் கண்ணைச் சந்திக்க முடியாது. யோசனையில் மூழ்கிய ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கிறது. கூப்பிட்டால் கலைந்துவிடுவாரோ என்று தோன்றுகிறது.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானியர்கள் அதைக் குசுநோகி என்கிறார்கள். நமக்குக் கற்பூர மரம். மரத்திலிருந்தே கற்பூரம் எடுத்த காலத்தில் அது பெரும்பாலும் இந்த மரத்திலிருந்துதான் வந்தது. கோயிலில் தீபாராதனை முடிந்து தட்டு நம் பக்கம் வரும்போது ஏறுமே ஒரு வாசனை, புதிதாக அறுத்த குசுநோகிப் பலகையிலும் அதுதான் வருகிறது. கமகுராவில் ஒரு மரக்கடையில் நானே முகர்ந்து பார்த்திருக்கிறேன். கண்காட்சிக் கூடத்தில் அந்த வாசனை வந்ததா என்று கேட்டால், வந்தது என்றுதான் சொல்வேன். பல வருடம் காய்ந்த மரத்தில் அவ்வளவு தூரம் வீசுமா, இல்லை என் ஞாபகம் கொண்டுவந்து சேர்த்ததா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜப்பானில் புத்தர் சிலைகள் செய்யத் தொடங்கிய 7ஆம் நூற்றாண்டில் மரச்சிலைகளில் பெரும்பாலானவை இந்த மரத்தில்தான் செய்யப்பட்டன. ஹோர்யூ-ஜி கோயிலில் இருக்கும் ஒல்லியான, நெடுநெடுவென்ற குதாரா கன்னோன் என்ற கருணைப் போதிசத்துவரும், சூகூ-ஜியில் ஒரு காலை மடித்து, விரலைக் கன்னத்தருகே வைத்து யோசிக்கிற போதிசத்துவரும் குசுநோகிதான். பிறகு ஹினோகி என்கிற சைப்ரஸ் மரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது நேரான இழை உள்ளது, பிளக்கச் சுலபம். ஆக, 1970களில் ஒரு இளைஞர் கற்பூர மரத்தில் உளியை வைத்தபோது, புத்தர் சிலைகளுக்கு வழக்கமாகிப்போன ஹினோகியையும் தாண்டி, அதற்கு முந்தின ஒரு பழக்கத்தைத் தொட்டுவிட்டார்.

அதை அவர் திட்டமிட்டுச் செய்யவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1868இல் மெய்ஜி அரசு ஜப்பானின் பழைய மதமான ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க உத்தரவு போட்டது. அதன் சூட்டில் நாடெங்கும் பௌத்தக் கோயில்கள் சூறையாடப்பட்டன. சிலைகள் எரிந்தன, விற்கப்பட்டன. புத்தர் சிலை செய்து பிழைத்த பட்டறைகளுக்கு வேலை போயிற்று. தகாமுரா கோஉன் அப்போது இளைஞர். சின்ன வயதிலேயே ஒரு சிலைப் பட்டறையில் சேர்ந்து தொழில் படித்தவர். ஒரு பழைய கோயிலைக் கலைத்து, அதன் கன்னோன் சிலைகளை எரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடிப்போய்ச் சிலவற்றை மீட்டுக்கொண்டு வந்தார். அவற்றில் ஒன்றைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டார். ஊரெல்லாம் வெளிநாட்டு ஏற்றுமதிக்காக யானைத் தந்தத்தில் செதுக்கிக் காசு பார்த்தபோது அவர் மரத்தை விடவில்லை. வேலை இல்லாத நாட்களில் குடைக்குக் கைப்பிடி செதுக்கினார்.

அதே சமயத்தில், 1876இல், அரசு ஒரு தொழில்நுட்பக் கலைப்பள்ளியைத் திறந்து, இத்தாலியிலிருந்து வின்சென்சோ ரகூசா என்ற சிற்பியை வரவழைத்தது. அவர் சொல்லிக்கொடுத்தது களிமண்ணைக் குழைத்து உருவம் அமைத்து, பிளாஸ்டரில் அச்செடுக்கும் ஐரோப்பிய முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. மரத்தில் தவறினால் தவறியதுதான், வெட்டிய சில்லை ஒட்ட முடியாது. மண்ணில் சேர்க்கலாம், எடுக்கலாம், நாளைக்கு மறுபடி பார்க்கலாம். கை வேலை செய்கிற விதமே வேறு. கடைசியில் மண்தான் ஜெயித்தது. 20ஆம் நூற்றாண்டு ஜப்பானில் சிற்பம் படிப்பது என்றால் களிமண்ணில் மாடல் பார்த்து உருவம் செய்வது என்றாகிவிட்டது. மரம் செதுக்குவது கைத்தொழில் என்ற பெயரில் பக்கத்து அறைக்குப் போனது.

கோஉன் அவ்வளவு சீக்கிரம் ஒதுங்கிவிடவில்லை. 1889இல் தோக்கியோ நுண்கலைப் பள்ளி திறந்தபோது அங்கே மரச்சிற்பம் கற்பிக்கப் போனார். 1893 சிகாகோ கண்காட்சிக்கு அவர் அனுப்பிய கிழட்டுக் குரங்கு இன்றைக்கு உவேனோவில் தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. தப்பித்துப் பறந்துபோன கழுகின் இறகு கையில் இருக்க, வானத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் அவருடைய மகன் கோத்தாரோ பாரிஸுக்குப் போய், பிரெஞ்சுச் சிற்பி ரோதாவின் சிற்பங்களில் மனதைப் பறிகொடுத்துத் திரும்பினார். ரோதா சொன்னவற்றை ஜப்பானிய மொழியில் தொகுத்து 1916இல் புத்தகமாக்கினார். மரச்சிற்பியின் மகன் வழியாகவே மண் வீட்டுக்குள் வந்தது. அந்தக் கோத்தாரோவும் பின்னாளில் மரத்தைக் கையில் எடுத்து, உள்ளங்கை அளவில் சிகாடா பூச்சிகளைச் செதுக்கினார் என்பதை யோசித்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கோத்தாரோவின் அந்தப் புத்தகத்தை இவாத்தே மாகாணத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் படித்தான், சிற்பியாவது என்று முடிவுசெய்தான். யசுதாகே ஃபுனாகோஷி. போருக்குப் பிந்தைய ஜப்பானின் பெரிய சிற்பிகளில் ஒருவராக வளர்ந்தார். கைக்குழந்தையாக ஒரு மகனை இழந்தபின் கத்தோலிக்கராகி, 1962இல் நாகசாகியின் 26 புனிதர்கள் நினைவுச்சின்னத்தை வெண்கலத்தில் செய்து முடித்தவர் அவர்தான். அவருக்கு 1951இல் மொரியோகாவில் பிறந்த பிள்ளைதான் கட்சுரா.

மகனும் அப்பா வழியில் சிற்பம் படித்தார், களிமண்ணில்தான். தோக்கியோவில் முதுகலை படித்துக்கொண்டிருந்த சமயம், ஹக்கோதாதேக்கு அருகே இருக்கும் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவி மடத்துக்கு மாதாவும் குழந்தையும் செய்துதரும் வேலை கிடைத்தது. அந்த வேலைக்கு அவர் கற்பூர மரத்தை எடுத்தார். அதுவரை கையாளாத மரம். உளி உள்ளே இறங்கியதும் இதுதான் எனக்கானது என்று கைக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது வருடம் அவர் வேறு மரத்தைத் தேடவில்லை.

கோஉனின் மரம், கோத்தாரோவின் ரோதா, யசுதாகேயின் வெண்கலமும் கல்லும், மறுபடி கட்சுராவின் மரம். நூறு வருடத்துக்குள் ஒரு வட்டம் சுற்றி வந்திருக்கிறது. சுற்றிவிட்டது ஒரு கிறிஸ்தவ மடம். புத்தர் சிலைகளின் மரமும் உளியும் ஒரு மாதா சிலை வழியாக ஒரு நவீனச் சிற்பியின் கைக்கு வந்து சேர்ந்தன. பாரம்பரியம் அப்பன் பிள்ளைக்கு விட்டுப்போகிற சொத்துபோல நேராக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

மரம் கிடைத்த பிறகு அடுத்த கேள்வி கண். 1980இல் தன் மனைவியை இடுப்பளவு உருவமாகச் செதுக்கி முடித்தார். பிற்பாடு அவருக்கே அடையாளமாகிப்போன அரையுருவம் அங்கே தொடங்குகிறது. மரத்தில் செதுக்கிய கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கிறது, ஒளியை அது வாங்கி வைத்துக்கொள்ளாது. அதற்கு ஜப்பானியச் சிற்பிகள் 12ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டுபிடித்திருந்தார்கள். கியோகுகன் என்று பெயர். காலம் தெரிந்தவற்றில் பழையது நாரா பகுதியில் சோகாகு-ஜியின் அமிதா புத்தர், 1151ஆம் வருடம். அதன்பின் உன்கெய் என்ற மேதை அந்த முறையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்.

செய்முறை இதுதான். சிலையின் முகத்தைத் தலையிலிருந்து முன்பாதியாகப் பிரித்தெடுப்பார்கள். உட்புறத்தை ஓடுபோலக் குடைவார்கள். எப்படியும் மரம் வெடிக்காமல் இருக்க உள்ளே குடைய வேண்டியதுதான், அந்த வசதியைக் கண்ணுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் துளை திறந்து, பளபளவென்று தேய்த்த மெல்லிய படிகச் சில்லை உட்பக்கமிருந்து பொருத்துவார்கள். கருவிழியைப் படிகத்தின் பின்பக்கத்தில் வரைவார்கள். அதற்குப் பின்னால் வெள்ளைத் தாளோ பஞ்சோ வைத்தால் வெள்ளை விழி. எல்லாம் நகராமலிருக்க ஒரு மரத்துண்டு, மூங்கில் ஆணி. பிறகு முகத்தைத் திரும்பத் தலையோடு சேர்த்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இமைக்குள் கண் கிடக்கிறது, எங்கே வைத்தார்கள் என்று தெரியாது.

உன்கெய் 1212 வாக்கில் செய்த முசாக்கு, செஷின் சிலைகளை நாராவில் கொஃபுகு-ஜியின் வட எண்கோண மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்கள்தான் கதவு திறப்பார்கள். இரண்டு பேரும் நம் பக்கத்து ஆட்கள், வடமேற்கு இந்தியத் துணைக்கண்டத்தின் பௌத்த அறிஞர்களான அசங்கரும் அவர் தம்பி வசுபந்துவும். ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். அசங்கர் வயதானவராகத் துணி சுற்றிய பெட்டி ஒன்றைக் கையில் ஏந்தி, லேசாகக் கீழே பார்க்கிறார். வசுபந்துவின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் கண்ணீர் தேங்கி நிற்கிறது என்றே நம்பிவிட்டேன். உன்கெய் வசுபந்துவை எங்கே கண்டார்? எண்ணூறு வருடம் இடையில். ஆனாலும் யாரோ ஒரு துறவியைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்த கை அது. இன்னொரு தகவல் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு சிலைகளும் கட்சுரா என்ற மரத்தில் செய்தவை. நம் சிற்பியின் பெயரும் அதே எழுத்து, அதே மரம்.

ஃபுனாகோஷி கியோகுகனை எடுத்துக்கொண்டார், ஆனால் படிகத்துக்குப் பதில் பளிங்கு வைத்தார். வெள்ளைப் பளிங்கில் கருவிழியை வரைந்து, மேலே பூச்சுக் கொடுத்து, தலையைப் பிரித்து உள்ளிருந்து பொருத்தினார். படிகக் கண் ஆழம் கொடுக்கும். பளிங்குக் கண் அப்படியில்லை, கொஞ்சம் மூட்டமானது, பால்போல. அதனால்தான் உன்கெயின் சிலைகள் நம்மைத் துளைத்துப் பார்க்கும்போது இவருடையவை தமக்குள்ளேயே பார்ப்பதுபோல இருக்கின்றன என்பது என் எண்ணம்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'மரபுக்குத் திரும்பிய சிற்பி' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. பழைய முறை என்றால் பட்டறை முறை. 1203இல் உன்கெயும் கூட்டாளிகளும் நாராவின் தோதாய்-ஜி கோயில் வாசலின் இரண்டு காவலர் சிலைகளை 69 நாளில் எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் 8 மீட்டருக்கு மேல், ஏறத்தாழ 3000 மரத்துண்டுகள் சேர்ந்தது. குருவின் கோடு, நிறைய சீடர்களின் கை, கோயிலின் பணம், சாஸ்திரம் சொன்ன அளவு. ஃபுனாகோஷிக்கு இதில் ஒன்றும் கிடையாது. தனியாக வேலை செய்தார். முதலில் சிலையின் அளவிலேயே பெரிய தாளில் வரைவார். அந்த வரைபடங்களே தனியாகக் கண்காட்சி வைக்கும் தரத்தில் இருக்கும். அப்புறம் செயின்சாவால் பெரிய பகுதிகளை அறுத்துத் தள்ளிவிட்டு உளிக்கு வருவார். யாரைச் செதுக்குவது என்று சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை. பெண்டாட்டி, நண்பர், எங்கோ பார்த்த ஒரு முகம். கடவுளுக்கென்று கண்டுபிடித்த கண்ணைக் கொண்டுபோய் ஒரு சாதாரண ஆளுக்கு வைத்தார். அவர் செய்ததில் பெரியது அதுதான் என்று நான் நினைக்கிறேன். சட்டை போட்டவரை இவ்வளவு மரியாதையோடு எதிர்கொள்ள முடியும் என்று அந்தக் கண் காட்டிக்கொடுக்கிறது.

1988இல் வெனிஸ் பியனாலே, 1992இல் டாக்குமென்டா என்று பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சிகள் வழியே உலகம் அவரைக் கவனித்தது. அந்தப் பட்டியலைத் தேடினால் எங்கும் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது 2004க்குப் பிறகு அவர் தொடங்கிய ஸ்ஃபிங்ஸ் வரிசை, பழங்கதைகளில் வரும் பாதி மனிதன் பாதி மிருகமான பிறவியின் பெயர் அது. நீண்ட கழுத்து, தோலில் செய்து தொங்கவிட்ட நீளமான காதுகள், ஆணும் பெண்ணும் கலந்த உடம்பு. மனிதரை வெகுகாலமாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு பிறவி. அதில் போரைப் பார்க்கிற ஸ்ஃபிங்ஸ் என்று ஒன்று உண்டு. அவருடைய முகங்கள் எல்லாம் அமைதியானவை, இது மட்டும் முகம் கோணி நிற்கிறது. இத்தனை வருடம் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் கடைசியில் என்ன பார்த்தன என்பதற்கு இது ஒரு பதில். அதன் முன்னால் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

அந்தக் கனத்தோடு அடுத்த பக்கம் வந்தால் பொம்மைகள். சிலை செதுக்கி மிஞ்சிய மரத்துண்டுகளில் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. பெரிய சிலைகளில் வெடிப்பைக்கூட மூடாத அதே கை, இங்கே ஒரு சின்ன மரத்துண்டின் ஓரத்தைப் பிள்ளைக் கையில் குத்தாதபடி உருட்டித் தேய்த்திருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்மூரில் சிலைக்குக் கண் திறப்பது கடைசிச் சடங்கு, அதுவரை அது கல்லோ உலோகமோதான். ஜப்பானிலும் அதுவே. 752இல் நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த துறவி. தூரிகையில் நீளமான நூலைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, விழியை வரைந்தார். அந்தத் தூரிகையும் நூலும் இன்றும் ஷோசோ-இன் கருவூலத்தில் இருக்கின்றன. ஃபுனாகோஷியின் சிலைக்கு அப்படிச் சடங்கு எதுவும் நடந்திருக்காது. ஆனால் ஒரு நாள் அவர் அந்தப் பளிங்கை உள்ளிருந்து வைத்து, முகத்தைத் தலையோடு சேர்த்து ஒட்டி, முன்பக்கம் நடந்து வந்து முதல் முறை பார்த்திருப்பார். அந்த நிமிடத்தில் பட்டறையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு சிலையின் பின்பக்கம் போனேன். பொதுவாக யாரும் அந்தப் பக்கம் நிற்பதில்லை. காதுக்குப் பின்னால், முடி செதுக்கிய இடத்துக்குள் மறைந்து, மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து கழுத்து நோக்கி இறங்கியது. மர வெடிப்பு இல்லை, அவ்வளவு நேரான கோடு தானாக வராது. தலையைப் பிரித்துச் சேர்த்த இடம். இன்னும் கிட்டப் போய்க் குனிந்தேன். கூடத்தில் நின்ற அம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்து, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள் என்றார். மன்னிக்கச் சொல்லிவிட்டு அந்தக் கோட்டைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். தினமும் இங்கேதான் நிற்கிறேன், இதைக் கவனித்ததில்லை என்றார். இரண்டு பேரும் சொல்லப்பட்ட தூரத்திலேயே நின்று இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.